வேலையைத் தேர்ந்தெடுக்கும் முன் 20 நிமிடப் பேச்சு

எந்தத் துறைக்குப் போகலாம் என்று குழம்பும் பிள்ளைகள், அந்த வேலையில் இப்போது இருக்கும் ஒருவரிடம் 20 நிமிடம் பேசிப் பார்க்கட்டும். வேலை கேட்டு அல்ல, விவரம் கேட்டு. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலோர் தயங்காமல் பேசுவார்கள்.

“வேலை எப்படி இருக்கு?” என்று கேட்டால் “பரவாயில்லை” என்பதோடு முடிந்துவிடும். “நேற்று காலையிலிருந்து மாலை வரை என்னென்ன செய்தீர்கள்?” என்று கேட்கச் சொல்லுங்கள். வேலை விளம்பரத்தில் வராததெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். மென்பொருள் எழுதுபவருக்குப் பிறர் எழுதியதைப் படித்துத் திருத்துவதிலும் மீட்டிங்கிலும் பெரும்பகுதி நேரம் போகலாம். செவிலியருக்கு நோயாளியைக் கவனிப்பதோடு, பதிவேடு எழுதுவதும் பெரிய வேலை. அப்புறம், புதிதாகச் சேர்பவர்கள் எதில் திணறுகிறார்கள், எந்தத் தகுதி இல்லாமல் உள்ளே நுழையவே முடியாது, விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள் என்றும் கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும்; ஆனாலும் விட்டுவிடக் கூடாது, அதில்தான் உண்மை நிலவரம் தெரியும்.

ஒருவர் பேச்சை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். சேர்ந்து ஓரிரு ஆண்டே ஆனவர் ஒருவர், நீண்ட அனுபவம் உள்ளவர் ஒருவர் என்று இருவரிடமாவது பேசட்டும். கிளம்பும் முன், “இன்னும் யாரிடம் பேசலாம்?” என்று கேட்டால் அடுத்தவரின் அறிமுகமும் கிடைக்கும்.