18 தாண்டியும் கேம் ஐடியில் பெற்றோர் பூட்டா? கழற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

கீழக்கரையில் 20 வயதுப் பையன் ஒருவன். இரவு ஒன்பது அடித்தால் அவன் போன் பூட்டிக்கொள்கிறது, திறக்க வாப்பாவின் (அப்பாவின்) அனுமதி வேண்டும் என்கிறது. வாப்பா துபாயில் வேலையில் இருக்கிறார். எட்டு வருடத்துக்கு முன் அவர் போட்ட பூட்டு அது. போட்டதையே அவர் மறந்திருப்பார். தொண்டி முதல் தங்கச்சிமடம் வரை, அப்பா சபரிலோ (வெளிநாட்டிலோ) கடலிலோ இருக்கும் வீடுகளில் இந்தச் சிக்கல் இருக்கிறது. பூட்டைக் கழற்றுவது பத்து நிமிட வேலை. அவசரத்தில் செய்யும் தவறுகள்தான் வருடக்கணக்கில் சேர்த்த ஐடியைக் காவு வாங்குகின்றன.

இது 18 நிறைந்தவர்களுக்கு, அவரவர் சொந்தக் கணக்குக்கு மட்டும். அதற்குக் கீழே உள்ள தம்பி தங்கைகள் வீட்டில் கேட்டுத்தான் செய்ய வேண்டும். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 நிறையாதவரைக் குழந்தை என்றுதான் சொல்கிறது.

முதல் தவறு, பூட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கை வைப்பது. பூட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று வயதைப் பார்த்துப் போட்டது. கணக்கில் உள்ள பிறந்த தேதிப்படி வயது ஏறும்போது தளரும், அல்லது "இனி நீங்களே பார்த்துக்கொள்கிறீர்களா" என்று கேட்கும். இன்னொன்று யாரோ கையால் போட்ட ரகசிய எண் (PIN). உங்களுக்கு 40 வயதானாலும் அது தானாகத் திறக்காது. பிளேஸ்டேஷன் பெட்டியின் கட்டுப்பாடு, கம்ப்யூட்டர் விளையாட்டுத் தளமான ஸ்டீமின் பழைய ஃபேமிலி வியூ, பிளே ஸ்டோரின் பேரண்டல் கண்ட்ரோல் எல்லாம் இந்த இரண்டாம் வகை.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. அதே ஐடியை நண்பரின் போனிலோ வேறு கம்ப்யூட்டரிலோ லாகின் செய்து பாருங்கள். அங்கேயும் தடுத்தால் பூட்டு கணக்கில் இருக்கிறது. அங்கே தடையில்லாமல் ஓடினால் உங்கள் போனிலோ, பெட்டியிலோ, வீட்டு வைஃபையிலோ இருக்கிறது. பார்த்து முடித்ததும் அங்கிருந்து லாக் அவுட் செய்ய மறக்க வேண்டாம். இந்த ஒரு சோதனையைச் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அதிகச் சேதம் செய்வது ஃபேக்டரி ரீசெட். போனைச் சுத்தமாக அழித்தால் பூட்டும் போய்விடும் என்று நினைக்கிறார்கள். ரிக்கவரி பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்த போன் திரும்ப எழும்போது, முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். ஃபேமிலி லிங்க் என்ற கூகுளின் பெற்றோர் செயலியின் கண்காணிப்பில் உள்ள கணக்கு என்றால் பெற்றோர் பாஸ்வேர்டும் சேர்ந்து வேண்டும். பூட்டு கணக்கில் இருக்கும்போது போனை அழித்து ஒரு பயனும் இல்லை.

அதைவிட வேதனை, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போன்ற விளையாட்டை கெஸ்ட் கணக்கில் ஆடிவந்தவர்களுக்கு. கெஸ்ட் ஐடி அந்தப் போனோடு ஒட்டியது. ரீசெட் செய்தால் லெவல், ஸ்கின், டைமண்ட் அத்தனையும் போச்சு. எதைத் தொடுவதற்கு முன்னாலும் விளையாட்டின் செட்டிங்ஸில் போய் ஐடியை உங்கள் பெயரில் உள்ள ஒரு கணக்கோடு பைண்ட் செய்யுங்கள், அதாவது இணையுங்கள். யுஐடி எண்ணை (விளையாட்டில் உங்கள் அடையாள எண்) ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஏற்கெனவே கூகுளோடு பைண்ட் ஆகியிருந்தால் அந்த கூகுள் கணக்கை அழித்துவிடாதீர்கள். அதோடு விளையாட்டுக்குள் நுழையும் வழியும் அடைபடும்.

அடுத்தது பிறந்த தேதி. பத்து வயதில் ஐடி திறந்தபோது யாரோ அவசரத்தில் ஒரு வருடத்தைத் தட்டியிருப்பார்கள். 2005-இல் பிறந்தவர் கணக்கில் 2012 என்று இருந்தால், கம்பெனியின் கண்ணில் அவர் இன்னும் சிறுவர்தான். 18 தாண்டியும் பூட்டு தளராமல் இருப்பதற்கு நாங்கள் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். இங்கே நடக்கும் தவறு, வாய்க்கு வந்த தேதியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது. ரோப்லாக்ஸில் 13-க்குக் கீழ் என்று பதிவான கணக்கில் நீங்களாகத் தேதியை மாற்றவே முடியாது. அடையாள அட்டை காட்டியோ, கம்பெனியின் வேறு வயதுச் சரிபார்ப்பு வழியிலோதான் சரிசெய்ய வேண்டும். கூகுளில் தவறிப்போய்க் குறைந்த வயதைப் போட்டுவிட்டால் கணக்கையே முடக்குவார்கள். ஆகவே ஒரே முறை, அட்டையில் உள்ளபடியே போடுங்கள். கீழக்கரை, தொண்டிப் பக்கம் பாஸ்போர்ட் இல்லாத வீடு குறைவு. நாள், மாதம், வருடம் மூன்றும் தெளிவாக இருப்பதால் அதுவே நல்லது. சில பழைய ஆதாரில் பிறந்த வருடம் மட்டும் இருக்கும், அது தேறாது. அட்டையைக் கம்பெனியின் சொந்தச் செயலியிலோ தளத்திலோ மட்டும் ஏற்றுங்கள். "பூட்டை எடுத்துத் தருகிறேன், ஆதாரையும் ஓடிபியையும் அனுப்பு" என்று டெலிகிராமில் வருபவனிடம் கொடுத்தால் ஐடியும் போகும், சில சமயம் வங்கிக் காசும் போகும். காசு போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

இனி வாப்பாவின் போன். அவர் பாஸ்வேர்டை வாங்கி இங்கிருந்தே நுழையப் பார்ப்பது பலர் செய்யும் தவறு. வேறு நாட்டிலிருந்து புதிய கருவியில் நுழைவதால் கூகுள் சந்தேகப்பட்டு அவரையும் சேர்த்து நிறுத்திவைக்கலாம். அவர் கையாலேயே செய்யச் சொல்லுங்கள்: ஃபேமிலி லிங்க் செயலியில் உங்கள் பெயர், அதில் கண்ட்ரோல்ஸ், அக்கவுன்ட் செட்டிங்ஸ், அபவுட் சூப்பர்விஷன், கடைசியில் ஸ்டாப் சூப்பர்விஷன். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால்; சவுதி, கத்தார், குவைத் இரண்டரை மணி பின்னால். டூட்டி முடிந்து அறைக்கு வந்தபின் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் போகாது. திரையைப் படம் பிடித்து ஒவ்வொரு படியாக அனுப்பினால் குழப்பம் இருக்காது.

அதற்கு முன் ஒன்றை உறுதிப்படுத்துங்கள். அவர் கணக்கில் உள்ள ஊர் நம்பர் இன்னும் உயிரோடு இருக்கிறதா? 90 நாள் பயன்படுத்தாமல், ரீசார்ஜும் இல்லாமல் கிடந்த சிம் முடக்கப்பட்டு, பிறகு வேறொருவர் கைக்குப் போய்விடலாம். ஓடிபியும் அந்தப் புது ஆளுக்கே போகும். நம்பர் போய்விட்டது என்றால், அவர் ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் போனிலிருந்தே ரிக்கவரி நம்பரை மாற்ற வேண்டும். பாம்பன், மண்டபம் பக்கம் அப்பா கடலுக்குப் போகிறவர் என்றால் படகு இறங்காத நாளில் உட்காருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள்.

வளைகுடாவிலிருந்து வந்த பிளேஸ்டேஷன் பெட்டிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் பூட்டு இரண்டு இடத்தில் இருக்கும்: குடும்ப மேலாளர் உங்கள் கணக்குக்குப் போட்டது ஒன்று, பெட்டிக்கே போட்டது இன்னொன்று. முதலாவதை எடுத்துவிட்டு இரண்டாவதை மறந்து, "இன்னும் ஓடவில்லையே" என்று தவிக்கிறார்கள். பெட்டிப் பூட்டின் நம்பரை யாரும் மாற்றாவிட்டால் அது 0000. மாற்றி மறந்திருந்தால் பெட்டியை முழுதாக அழிப்பதுதான் வழி. அழிக்கும் முன் சேவ் ஃபைல்களைக் காப்பாற்றுங்கள். பிஎஸ்4-இல் பென்டிரைவில் நகல் எடுக்கலாம். பிஎஸ்5 விளையாட்டுகளின் சேவை அப்படித் தனியாக நகல் எடுக்க முடியாது, பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவின் கிளவுடில் ஏற்ற வேண்டும். துபாயில் திறந்த கணக்கின் நாட்டை இந்தியாவுக்கு மாற்றவும் முடியாது. அது எரிச்சல்தான். ஆனாலும் அதற்காகப் புதுக் கணக்கு திறக்காதீர்கள். வாங்கிய விளையாட்டும் டிராஃபியும் புதுக் கணக்குக்கு வராது.

ஸ்டீமில் குடும்பத்தில் குழந்தையாகச் சேர்க்கப்பட்டவர் தானாக வெளியேற முடியாது. பெரியவர் ஒருவர் நீக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டீம் சப்போர்ட்டுக்கு எழுத வேண்டும். பெரியவராகச் சேர்ந்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், ஆனால் அதில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடம் ஆகாமல் வேறு குடும்பத்தில் சேர முடியாது. அண்ணன் தம்பிகள் ஒரே லைப்ரரியில் ஆடும் வீட்டில் இதை யோசித்துவிட்டு விலகுங்கள்.

பிளே ஸ்டோரில் நீங்களே போட்ட பின்னை மறந்திருந்தால் செட்டிங்ஸ், ஆப்ஸ், கூகுள் பிளே ஸ்டோர், ஸ்டோரேஜ் என்று போய் டேட்டாவை அழித்தால் போதும். நிறுவிய விளையாட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது.

பெற்றோர் பூட்டு அல்லாததைப் பெற்றோர் பூட்டு என்று எண்ணி மல்லுக்கட்டுவதும் உண்டு. பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) 2023 மே மாதம் திரும்பி வந்தபோது சிறுவர்களுக்கு நாளுக்கு 3 மணி, மற்றவர்களுக்கு 6 மணி என்று வரம்பு வைத்தார்கள். அது விளையாட்டின் சொந்த விதி. வாப்பாவின் போனில் அதற்குப் பொத்தான் கிடையாது. பணம் பந்தயம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களோ 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டத்தால் எல்லா வயதினருக்கும் மூடப்பட்டவை.

பூட்டு கழன்றதும் உடனே விளையாட உட்காராமல் நான்கு இடத்தைப் பாருங்கள்: ரிக்கவரி நம்பர், ரிக்கவரி மெயில், இரண்டு படி சரிபார்ப்பு, பணம் செலுத்தும் முறை. நான்கும் உங்கள் பெயருக்கு மாற வேண்டும். கடைசி ஒன்றை விட்டுவிட்டால், நீங்கள் இங்கே டைமண்ட் வாங்கும்போது அங்கே வாப்பாவின் கார்டில் கழியும்.