பண்ணைக் கழிவு, மதிப்புக்கூட்டல் பயிற்சிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கழிவை உரமாக்குவது, வைக்கோலைத் தீவனமாக்குவது, விளைபொருளைக் காயவைத்து நல்ல விலைக்கு விற்பது என்று எந்தப் பயிற்சியை எடுத்தாலும் செய்முறை மட்டும் விலாவாரியாகச் சொல்லித் தரப்படுகிறது. செய்தது சரியாக வந்திருக்கிறதா என்று கையால், கண்ணால், மூக்கால் கண்டுபிடிக்கும் வித்தை விடுபட்டுப்போகிறது. விவசாயி ஊருக்குப் போய் மட்குக் குவியல் போடுகிறார். பத்தாம் நாள் நாற்றம் அடிக்கிறது. ஏன் என்று தெரியாததால் அத்தோடு கைவிட்டுவிடுகிறார். பயிற்சி தருபவர் செய்யும் முதல் தவறு இதுதான்.

மட்கு உரத்தை ஒரே நாளில் காட்ட முடியாது. காலையில் குவியல் போட்டு, மாலையில் சான்றிதழ் கொடுத்து அனுப்பினால், குவியல் சூடேறுவதையும் புரட்டிப்போடுவதையும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பயிற்சிக்கு முன்பே ஒரு வாரக் குவியல், ஒரு மாதக் குவியல், பக்குவமான உரம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். கூடவே, வேண்டுமென்றே தண்ணீரை அதிகம் ஊற்றிக் கெடுத்த குவியல் ஒன்றும் இருக்கட்டும். கெட்டது எப்படி நாறும் என்று ஒருமுறை முகர்ந்து பார்த்தவருக்கு விளக்கப்படம் தேவைப்படாது.

குவியலில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் கலவையிலும் ஈரத்திலும்தான். வைக்கோலில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கு இருந்தால் கரிமம் (கார்பன்) 60 முதல் 80 பங்கு வரை இருக்கும். மரத்தூளில் அது பல நூறு பங்கு. சாணத்தில் ஏறத்தாழ 20 பங்குதான். தொடக்கத்தில் குவியலுக்கு 25 முதல் 30 பங்கு தேவை. இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிப் போடுவதைவிட, கூடையால் அளந்து காட்டுவது மேல்: காய்ந்த பொருள் இரண்டு மூன்று கூடைக்குப் பசுந்தழையோ சாணமோ ஒரு கூடை. அம்மோனியா நெடி மூக்கைத் துளைத்தால் சாணமோ தழையோ மிகுதி, வைக்கோல் சேர்க்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போகவில்லை என்று பொருள். புரட்டிப்போட்டு, காய்ந்த பொருளைக் கலக்க வேண்டும்.

ஈரம் 50 முதல் 60 சதவீதம் வேண்டும். ஒரு பிடி அள்ளி இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிய வேண்டும். வழிந்தோடினால் அதிகம், கையே நனையாவிட்டால் குறைவு. காய்ந்த வைக்கோல் சட்டென்று தண்ணீரை உறிஞ்சாது. குவியலை முழுதாகப் போட்டுவிட்டு மேலே ஊற்றினால் தண்ணீர் ஓரமாக வழிந்து போய்விடும், உள்ளே தூசி பறக்கும். முந்தின இரவே ஊறவைக்க வேண்டும், அல்லது ஒவ்வோர் அடுக்கையும் நனைத்துக்கொண்டே போட வேண்டும்.

நீளம், அகலம், உயரம் எதுவும் மூன்றடிக்குக் குறைந்தால் குவியலில் சூடு தங்காது. களை விதைகளும் நோய்க்கிருமிகளும் சாக, உள்ளே 55 டிகிரி செல்சியஸ் குறைந்தது மூன்று நாளாவது நிற்க வேண்டும். ஓரத்தில் இருப்பதும் அந்தச் சூட்டைக் காணப் புரட்டிப்போட வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவிப் பார்க்கலாம். நுனியைச் சில நொடிக்குமேல் பிடிக்க முடியாவிட்டால் நல்லது. வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் ஈரமோ தழையோ போதவில்லை.

மண்புழு உரப் பயிற்சியில் புழுவையும் புதுச் சாணத்தையும் ஒரே நாளில் கையில் கொடுத்தனுப்புவது வழக்கமாகிவிட்டது. புதுச் சாணம் சூடேறும். புழு செத்துப்போகும் அல்லது ஓடிவிடும். இரண்டு மூன்று வாரம் பாதி மட்கி, சூடு தணிந்த பிறகே புழுவை விட வேண்டும்.

விபரீதத்தில் முடியக்கூடியது, மாட்டுத் தீவனத்துக்காக யூரியா ஊட்டிய வைக்கோல். 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைக்க வேண்டும். இதைக் கட்டுக் கணக்கில் சொல்லித் தருவது பெரிய தவறு, ஏனென்றால் ஒரு கட்டின் எடை ஆளுக்கு ஆள் மாறும். தராசில் நிறுத்தே காட்டுங்கள். யூரியா கரையாமல் ஓரிடத்தில் தங்கினால் மாடு செத்துப்போகலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுகளுக்குக் கொடுக்கவே கூடாது. பெரிய மாட்டுக்கும் அம்மோனியா நெடி போகும்வரை ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும்.

ஒரு சந்தேகத்தையும் இங்கே கேட்டுவிடலாம்: நாம் கழிவு என்று சொல்வது அந்த வீட்டுக்கும் கழிவுதானா? அது மாட்டுத் தீவனமாகவோ அடுப்பெரிக்கவோ போய்க்கொண்டிருந்தால், எடுத்து உரமாக்கச் சொல்வது வேறொரு செலவை அவர் தலையில் கட்டுவதாகும்.

விளைபொருள் பக்கம் வந்தால், இயந்திரத்தையும் வண்ண உறையையும் முன்னால் வைத்து, ஈரத்தைப் பின்னால் தள்ளுகிறார்கள். தானியம் 12 முதல் 14 சதவீத ஈரத்துக்கும், நிலக்கடலைப் பருப்பு 8 சதவீத அளவுக்கும் காயாவிட்டால் எந்த உறையும் காப்பாற்றாது. தானியத்துக்கு எளிய சோதனை உண்டு. நன்கு காய்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றிலொரு பங்கு தானியமும் மூன்று மேசைக்கரண்டி காய்ந்த உப்பும் போட்டு, மூடி ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். உப்புத்தூள் ஈரமாக இருந்தால் சோதனையே பொய்த்துவிடும். ஒட்டாவிட்டால் 15-க்குக் கீழே என்று மட்டும்தான் அர்த்தம், இன்னும் ஒரு வெயில் காட்டுவது நல்லது. வெயில் சூட்டோடு மூட்டை கட்டுவதும் தவறு. ஆறும்போது உள்ளே நீர் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் நஞ்சு கழுவினாலோ வறுத்தாலோ முழுதாகப் போகாது. பூஞ்சை பிடித்ததையும் உடைந்ததையும் கையால் பொறுக்கி விலக்கப் பழக்கும் அரை மணி நேரம், உறை வடிவமைப்பு வகுப்பைவிடப் பயன் தரும்.

பலன்களைக் கூட்டிச் சொல்வதும் ஒரு தவறு. பத்து வண்டிக் கழிவு மட்கினால் ஏறத்தாழ ஐந்து வண்டிதான் மிஞ்சும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால், சுருங்கியதைப் பார்த்து ஏமாந்துவிட்டதாக நினைப்பார்கள். மட்கு உரத்தில் தழைச்சத்து பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதம்தான், அதிலும் ஒரு பகுதியே முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைக்கும். ஆகவே மற்ற உரத்தை உடனே நிறுத்திவிடலாம் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. புரட்டிப்போடும் கூலியையும் கணக்கில் சேர்த்துக் காட்டுங்கள்.

வகுப்பில் உட்காருபவரும் வேலை செய்பவரும் வேறு வேறு ஆளாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. சாணம் அள்ளுவது, காயவைப்பது, பொறுக்குவது எல்லாம் பெண்கள் கையில் இருக்க, பெயர்ப் பட்டியலில் ஆண்கள் மட்டும் இருப்பார்கள். யார் கையில் வேலை இருக்கிறதோ அவரை, அவருக்கு ஒழிந்த நேரத்தில், அறுவடை நெருக்கடி இல்லாத வாரத்தில் கூப்பிட வேண்டும். மறுபடி போய்ப் பார்ப்பதையும் ஆறு மாதத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். குவியலில் முதல் சிக்கல் முதல் இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும். அதற்குள் ஓர் இரும்புக் கம்பியோடு அவர் தோட்டத்துக்குப் போய் நில்லுங்கள்.