கண் அயரும் அந்த ஒரு நிமிடம்: கடும் ஆட்டிசம் உள்ள பிள்ளையைக் காப்பதும் துணை தேடுவதும்

கடும் ஆட்டிசம் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் பாதுகாப்பு வேலையைத் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். இப்பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீரின் பளபளப்பும் அசைவும் தீராத ஈர்ப்பு. ஆழத்தைப் பற்றிய அச்சம் அந்த ஈர்ப்பைத் தடுப்பதில்லை. பேச்சு வராத பிள்ளை, விழுந்த பிறகு யாரையும் கூப்பிடுவதுமில்லை. 2012இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள, நான்கு வயதைக் கடந்த பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஒருமுறையேனும் பாதுகாப்பான இடத்தை விட்டு வெளியேற முயன்றதாகப் பெற்றோர் தெரிவித்திருந்தனர். நம் ஊர்களில் மூடாத கிணறு, தெருக்கோடிக் குளம், வாய்க்கால், மூடி நகர்ந்த சம்ப் என்று நீர் எங்கும் திறந்தே கிடப்பதால், வெளியேறும் பிள்ளைக்கு ஆபத்து வெகு அருகிலேயே இருக்கிறது.

இருபத்து நான்கு மணி நேரமும் பிள்ளையை விட்டுக் கண்ணெடுக்காத தாய் என்று ஒருவர் இல்லை. பால் பொங்கும், கதவு தட்டப்படும், தூக்கம் வரும். ஆகவே, ‘இன்னும் கவனமாக இருக்க வேண்டும்’ என்று தீர்மானிப்பதால் பெரிய பயன் விளையாது; கண் அயரும் அந்த ஒரு நிமிடத்தில் எதுவும் நேராதபடி வீட்டையும் தெருவையும் முன்கூட்டியே அமைத்து வைப்பதே பயன் தரும். கிணற்றுக்கு ஆள் ஏறி நின்றாலும் தாங்கும் இரும்புக் கம்பி வலையும், சம்ப் மூடிக்குப் பூட்டும் போட வேண்டும். குளியலறை வாளியையும் டிரம்மையும் நிரப்பி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. குடத்தில் பிடித்து வைத்தே ஆக வேண்டிய ஊர்களில் அந்த அறையையாவது பூட்டலாம். வாசற்கதவுக்குப் பெரியவர்களின் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் ஒரு மேல் தாழ்ப்பாளும், திறந்தால் ஒலிக்கும் மணியும் வேண்டும். உள்ளிருந்து பூட்டிச் சாவியை எடுத்துவிடுவதாயின், தீப்பிடித்தால் எங்கிருந்து சாவியை எடுப்பது என்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, வீட்டைச் சுற்றி அரை கிலோமீட்டர் நடந்து பார்த்து, நீர்நிலைகளையும், ரயில் பாதையையும், பிள்ளை எப்போதும் இழுத்துக்கொண்டு போகும் இடங்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு மாவு மில்லின் பெல்ட் சுழல்வது பிடிக்கும், இன்னொன்றுக்குப் பேருந்தின் ஹார்ன். பிள்ளை காணவில்லை என்று தெரிந்த அடுத்த நொடியில் கட்டிலுக்கடியில் தேடுவதை மற்றொருவரிடம் விட்டுவிட்டு, ஓடக்கூடியவர் முதலில் தண்ணீரை நோக்கி ஓட வேண்டும். அதே வேளையில் ஒருவர் 112க்கும், குழந்தைகளுக்கான 1098க்கும் அழைக்க வேண்டும். ஒரு நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்லும் விதி எதுவும் இல்லை. காணாமற்போன குழந்தை பற்றிய புகாரை முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இலேயே உத்தரவிட்டிருக்கிறது. தினமும் காலையில் உடை மாற்றியதும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால், பதற்றத்தில் சட்டையின் நிறத்தை யோசித்துக்கொண்டு நிற்க நேராது.

பெயர் பொறித்த வளையத்தைப் பல பிள்ளைகள் கழற்றி எறிந்துவிடுவார்கள். சட்டையின் உட்புறத்தில் தொலைபேசி எண்ணைத் தைத்துவிடுவது எளிது. அடையாள அட்டையைவிட வலுவான காவல் அக்கம்பக்கத்தார்தாம். ஊருக்குத் தெரியக் கூடாதென்று மறைத்து வளர்த்த பிள்ளை தெருவில் தனியே நடந்து போனால், யாரும் அதைத் தடுத்து நிறுத்தமாட்டார்கள். பெயர், படம், பேசாது என்ற குறிப்பு, எதைக் கண்டால் அஞ்சும், எதைக் காட்டினால் உடன் வரும், யாரை அழைக்க வேண்டும் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, ஆட்டோ நிறுத்தம், தேநீர்க் கடை, ரேஷன் கடை, காவல் நிலையம் ஆகிய இடங்களில் நேரில் கொடுத்துச் சொல்லுங்கள். முதல் முறை நாக்கு எழாது என்பது உண்மைதான். ஆனால் தெரிந்துகொண்ட கடைக்காரர் பிறகு தாமாகவே ஒரு கண் வைத்துக்கொள்வார்.

இவ்வளவும் எதற்கு, கட்டி வைத்துவிட்டால் போதாதா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். கட்டப்பட்ட உடல் தீயிலிருந்தும், பாம்பிலிருந்தும், தீய எண்ணத்தோடு வரும் மனிதனிடமிருந்தும் விலகிப் போக முடியாது. கட்டுவதை எந்த நிலையிலும் பாதுகாப்பு என்று எண்ணக் கூடாது.

தலையைச் சுவரில் மோதுதல், கையைக் கடித்தல், பிறரை அடித்தல் ஆகியவை திடீரென அதிகரித்தால், அதைப் பிடிவாதம் என்று முடிவுகட்டுவதற்கு முன் உடலில் வலி உண்டா என்று பார்க்க வேண்டும். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், வயிற்றெரிச்சல், பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் வலி ஆகியவற்றைச் சொல்லத் தெரியாத பிள்ளை, உடலால்தான் சொல்லும். எந்த நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிறகு என்ன கிடைத்தது என்று இரண்டு வாரம் நோட்டில் எழுதிக்கொண்டு போனால், மருத்துவர் பத்து நிமிடத்தில் காணக்கூடியதைவிடப் பன்மடங்கு அதில் தெரியும். வெறி மூண்ட நேரத்தில் பேச்சைக் குறைத்து, ஒலியையும் கூட்டத்தையும் அகற்றி, தலைக்கும் சுவருக்கும் இடையே தலையணையை வைக்கலாம்; குப்புறக் கிடத்தி முதுகின் மேல் அழுத்துவது மூச்சை நிறுத்திவிடக்கூடும். கல்யாண மண்டபத்து மேளத்துக்கும் தீபாவளி வெடிக்கும் காதடைப்பான் ஒன்று பையில் இருக்கட்டும். தேவைப்பட்டால் மருத்துவர் ரிஸ்பெரிடோன் அல்லது அரிபிபிரசோல் எழுதுவார்; இவை எரிச்சலையும் தாக்கும் போக்கையும் தணிக்குமே தவிர ஆட்டிசத்தை நீக்குவதில்லை. எடை ஏறுகிறதா என்று மாதந்தோறும் பாருங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு நோயும் இவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுவதால், வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழைக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

உணவல்லாததை விழுங்கும் பழக்கம் உள்ள பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் பட்டன் பேட்டரி, காந்தம், ஆசிட், எலி மருந்து எதுவும் இருக்கலாகாது. இரவில் கேஸ் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள்.

இனி, துணை. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் எடுப்பதைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் பல. முத்திரை விழுந்துவிடுமோ என்ற தயக்கமே காரணம். அரசுப் படிவங்களில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்ற புண்படுத்தும் சொல் கண்ணில் படவும் கூடும். அதைத் தாண்டிப் போங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. ஐசா என்ற இந்திய மதிப்பீட்டு அளவுகோலில் 40 கேள்விகள் உண்டு. 153க்கு மேல் மதிப்பெண் வந்தால் கடும் நிலை என்று பொருள். மதிப்பீட்டு நாளில் பிள்ளை அமைதியாக இருந்துவிட்டால் உண்மை நிலை பதிவாகாமற் போகலாம் என்பதால், வீட்டில் எடுத்த காணொளிகளைக் கொண்டு செல்லுங்கள். மருத்துவச் சான்றையொட்டி வரும், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையான யுடிஐடி அட்டையே மற்ற எல்லாவற்றுக்கும் வாசல். அதைக் கொண்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், அறிவுசார் குறைபாடு உடையோருக்கும் கடும் பாதிப்பு உடையோருக்கும் தமிழ்நாடு அரசு 2023 முதல் மாதம் 2,000 ரூபாயாக வழங்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் அமைப்பான தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு, முன் பரிசோதனை கேட்காமல், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தெரபிச் செலவையும் சேர்த்து ஈடுசெய்கிறது. பதினெட்டு வயது நிறைந்ததும் சட்டப்படி பெற்றோரின் காப்பாளர் நிலை தானாகத் தொடராது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் மட்டக் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் நியமனம் பெற வேண்டும். வங்கிக் கணக்கில் சிக்கல் வந்த பிறகே இதைப் பலர் அறிகிறார்கள்.

பயிற்சிக்கு, சிறு பிள்ளைகளாயின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் தொடங்கலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம், கோட்டூர்புரத்தின் வித்யாசாகர், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம் ஆகியவை நெடுங்காலமாக இத்துறையில் இயங்குகின்றன. எங்கே சென்றாலும், முதலில் படங்களைக் காட்டியோ, படத்தைத் தொட்டால் சொல்லை ஒலிக்கும், சென்னையில் உருவான ஆவாஸ் செயலியைக் கொண்டோ ‘வேண்டும்’, ‘வேண்டாம்’, ‘வலிக்கிறது’ ஆகிய மூன்றையும் தெரிவிக்கக் கற்றுத்தரச் சொல்லுங்கள்; எழுத்தும் எண்ணும் காத்திருக்கலாம். ஸ்டெம் செல்லும், உலோகம் நீக்கும் ஊசியும் குணமாக்கும் என்று பணம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பேச இயலாத பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றத்தை, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் இன்னும் கடுமையாகத் தண்டிக்கிறது. வாக்குமூலம் பெறும்போது சிறப்புக் கல்வியாளரின் உதவியைப் பெறவும் அது இடமளிக்கிறது. பெற்றோர் எந்த வேளையிலும் உள்ளே வந்து பார்க்க அனுமதி தராத பள்ளியையும் விடுதியையும், எவ்வளவு பெயர் பெற்றதாயினும் தவிர்த்துவிடுங்கள். காரணமின்றி ஒருவரைக் கண்டு பதுங்குவதும், உடை மாற்றுவதற்கு அஞ்சுவதும் புதிதாகத் தோன்றினால் விசாரிக்காமல் விடாதீர்கள்.

பார்த்துக்கொள்பவர் ஓய்ந்துபோனால் மேற்கண்ட ஏற்பாடு எதுவும் நிலைக்காது. மனம் தாங்காத இரவில் 14416 என்ற, அரசின் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதைவிட முக்கியம், பிள்ளையை அறிந்த இரண்டாவது ஆள் ஒருவரை உருவாக்குவது; சித்தியோ, அத்தையோ, எதிர்வீட்டு அக்காவோ, யாராயினும் சரி. முதல் இரண்டு வாரம் தாய் வீட்டில் இருக்கும்போதே அவர் வந்து உணவூட்டி, கழிவறைக்கு அழைத்துப் போய்ப் பழகட்டும். மூன்றாம் வாரம் தாய் இரண்டு மணி நேரம் வெளியே போய் வரலாம். புறப்படும் முன், அன்றைய உடையில் எடுத்த படத்தை அவருடைய கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு, மேல் தாழ்ப்பாள் விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.