ஜிமெயிலில் ஒரு லேபிளை மட்டும் கணினிக்குக் கொண்டுவருவது எப்படி?

வீட்டுக் கடன் கடிதங்கள், வங்கி ஸ்டேட்மென்ட், பள்ளிக் கட்டண ரசீது எல்லாம் இப்போது ஜிமெயிலில்தான் இருக்கின்றன. அவற்றின் பிரதி நம் கணினியிலும் இருப்பது அவசியம். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். பாஸ்வேர்டை மறந்து, பழைய செல்பேசி எண்ணும் கைவிட்டுப் போயிருந்தால் உள்ளே நுழைவதே பெரும்பாடு. மொத்த அஞ்சலையும் இறக்க வேண்டியதில்லை, தேவையான லேபிள் (அஞ்சல்களை வகை பிரிக்க நாம் இடும் பெயர்) ஒன்று போதும். செலவு எதுவும் இல்லை.

முதலில் லேபிள். ஏற்கெனவே வைத்திருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். இல்லையென்றால் ஜிமெயிலைக் கணினியில் திறந்து, வங்கியின் மின்னஞ்சல் முகவரியைத் தேடல் பெட்டியில் இடுங்கள். மேலே உள்ள சின்னக் கட்டத்தில் டிக் செய்தால் அந்தப் பக்கத்தில் தெரியும் அஞ்சல்கள் மட்டுமே தேர்வாகும். பெரும்பாலும் அது 50தான். அதற்கு மேலும் இருந்தால், தேடலில் வந்த அனைத்தையும் தேர்வு செய்யச் சொல்லி மேலே ஒரு வரி வரும். அதைக் கிளிக் செய்யாவிட்டால் பழைய அஞ்சல்கள் விடுபட்டுப் போகும். அப்புறம் லேபிள் ஐகானை அழுத்தி ‘வீட்டுக் கடன்’ என்பதுபோல ஒரு பெயர் கொடுங்கள்.

அடுத்து, நம் தரவுகளின் பிரதியை இறக்கிக்கொள்ள கூகுள் தரும் ‘கூகுள் டேக்அவுட்’ தளத்துக்குப் போய் அதே கணக்கில் நுழையுங்கள். கூகுளின் எல்லாச் சேவைகளும் அங்கே முன்கூட்டியே டிக் ஆகியிருக்கும். ‘டீசெலெக்ட் ஆல்’ அழுத்தி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கீழே இறங்கி ‘மெயில்’ என்பதை மட்டும் டிக் செய்யுங்கள். அதன் கீழேயே ‘ஆல் மெயில் டேட்டா இன்க்ளூடட்’ என்ற பொத்தான் இருக்கும். அதைத் திறந்து, எல்லா அஞ்சல்களையும் சேர்க்கும் டிக்கை எடுத்துவிட்டு, உங்கள் லேபிளை மட்டும் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள்.

பிறகு ‘நெக்ஸ்ட் ஸ்டெப்’. இங்கே ஒருமுறை ஏற்றுமதி, ஜிப் வடிவம், பதிவிறக்க இணைப்பை (லிங்க்) மின்னஞ்சலில் அனுப்புவது ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து ‘கிரியேட் எக்ஸ்போர்ட்’ அழுத்துங்கள். சிறிய லேபிள் என்றால் சீக்கிரமே இணைப்பு வந்துவிடும். பெரிதாக இருந்தால் மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில்கூட ஆகும். வந்த இணைப்பு சுமார் ஒரு வாரமே செல்லும், அதனால் தள்ளிப்போடாமல் இறக்கிவிடுங்கள். அலுவலக, கல்லூரிக் கணக்குகளில் நிர்வாகி டேக்அவுட்டை முடக்கி வைத்திருக்கலாம். அப்போது அவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஜிப்பைப் பிரித்தால் ‘மெயில்’ கோப்புறைக்குள் எம்பாக்ஸ் கோப்பு ஒன்று இருக்கும். லேபிளில் உள்ள அஞ்சல்கள் அனைத்தும், அவற்றோடு வந்த பிடிஎஃப் போன்ற கோப்புகளோடு, அந்த ஒரே கோப்பில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். இரட்டைக் கிளிக் செய்தால் பெரும்பாலும் திறக்காது. இறக்கியதோடு வேலை முடிந்தது என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

திறக்க, மோசில்லா தண்டர்பேர்டு என்ற இலவச மின்னஞ்சல் மென்பொருளை நிறுவி உங்கள் கணக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெல்ப் மெனுவில் ‘டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ பக்கத்துக்குப் போனால், ‘புரொஃபைல் ஃபோல்டர்’ என்பதன் பக்கத்தில் கோப்புறையைத் திறக்கும் பொத்தான் இருக்கும். திறந்ததும் தண்டர்பேர்டை மூடிவிடுங்கள். அந்தக் கோப்புறையில் ‘மெயில்’, அதற்குள் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்று போய் எம்பாக்ஸ் கோப்பை நகலெடுத்து வையுங்கள். நகலின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் எம்பாக்ஸ் என்ற பகுதியை நீக்குங்கள். விண்டோஸில் அந்தப் பகுதி தெரியாவிட்டால், வியூ மெனுவில் கோப்பு நீட்சிகளைக் காட்டச் சொல்லுங்கள்.

தண்டர்பேர்டை மறுபடி திறந்தால் இடப்பக்கம் லோக்கல் ஃபோல்டர்ஸின் கீழ் உங்கள் லேபிள் வந்திருக்கும். இருப்பதிலேயே பழைய அஞ்சல் ஒன்றைத் திறந்து பாருங்கள், அதிலுள்ள பிடிஎஃப் சரியாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

சரியாக இருந்தால் மூல எம்பாக்ஸ் கோப்பை வெளி ஹார்டு டிஸ்க்கிலும் போட்டு வையுங்கள். அதற்குப் பூட்டு எதுவும் கிடையாது. கையில் கிடைத்தவர் யாரும் படிக்கலாம் என்பதால், பலர் புழங்கும் கணினியிலோ அலுவலகப் பென் டிரைவிலோ விட்டுவைக்காதீர்கள்.