பழைய கோப்பு முறைமையில் இரகசியக் கோப்பை மென்பொருள் கையாளும் முறை

ஹட்டன், பதுளை போன்ற மலையக நகரங்களின் கணினி நிலையங்களில் பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் கணினிகளில் செருகப்படும் பென் டிரைவ்கள் பலவும் இன்னமும் ஃபேட்32 (FAT32) என்ற பழைய கோப்பு முறைமையிலேயே இருக்கின்றன. அதில் கோப்பின் உரிமையாளரையோ, யார் வாசிக்கலாம் என்ற அனுமதியையோ பதிந்துவைக்க இடமே இல்லை. லினக்ஸ் இயங்குதளம் அனுமதியாகக் காட்டும் 755 அல்லது 777, பென் டிரைவை இணைக்கும்போது எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவாகத் தரப்பட்ட எண்ணே.

ஆகவே, அந்தரங்கச் சாவியையோ (private key) கடவுச்சொல்லையோ சேமிக்கும் மென்பொருள், உரிமையாளர் மட்டுமே வாசிக்கவும் எழுதவும் விடும் 0600 என்ற அனுமதியைக் கேட்டதோடு நின்றுவிடாமல், கோப்பை உருவாக்கியதும், இரகசியத்தில் ஓர் எழுத்தைக்கூட எழுதுவதற்கு முன்னரே, உண்மையில் கிடைத்த அனுமதியைத் திரும்ப வாசித்துப் பார்க்க வேண்டும். சில அமைப்புகளில், அனுமதியை மாற்றும் சிமோட் (chmod) கட்டளை எதையும் மாற்றாமலே வெற்றி என்று பதில் தரும். அந்தப் பதிலை மட்டும் நம்பக்கூடாது.

அனுமதி தளர்வாக இருந்தால் எழுதாமல் நிறுத்துக. தொலைவிலுள்ள கணினியில் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் (OpenSSH) மென்பொருள், பிறர் வாசிக்கக்கூடிய சாவியை ஏற்க மறுப்பது நல்ல முன்மாதிரி. ஆனால் மறுப்பது மட்டும் போதாது: “இந்த முறைமையில் அனுமதியை மாற்ற முடியாது, வீட்டுக் கோப்புறைக்கு நகர்த்துங்கள்” என்று வழியையும் சொல்ல வேண்டும். பிறரின் அனுமதியை நீக்க, கோப்புகளுக்கு எஃப்மாஸ்க் (fmask) 0177, கோப்புறைகளுக்கு டிமாஸ்க் (dmask) 0077 என்று கொடுத்து, பயனரையே உரிமையாளராக்கி பென் டிரைவை மீண்டும் இணைக்கலாம். எனினும் அந்தக் காப்பு அந்தக் கணினியோடு முடிந்துவிடும் என்பதால், பென் டிரைவிலேயே வைத்தாக வேண்டிய சாவியைக் கடவுச்சொற்றொடரால் மறைகுறியாக்கியே எழுதுக.