கொல்லை வாங்கப் போகிறவர்கள் முதலில் வழியைப் பாருங்கள்

2016 தை மாதம் வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் பக்கத்தில் கொஞ்சம் கொல்லை வாங்கினேன். எங்கள் பக்கம் விவசாய நிலத்தைக் கொல்லை என்போம். பத்திரம் பதிந்து பதினோராம் நாள், ஐந்து மாங்கன்றுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். எப்போதும் போகிற பாதையில் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தது. பக்கத்து நிலத்துப் பெரியவர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, உங்க மேல கோவம்லாம் ஒண்ணுமில்ல. வித்தவன் எனக்குப் பங்காளி. அவனுக்கு வாயால வுட்ட வழி இது. உங்க பத்திரத்துல இன்னா எழுதிக்கீது, படிங்க பாக்கலாம்."

இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். பத்திரத்தின் அளவுகளைப் பெருக்கிக் கூட்டிச் சரிபார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் நிலத்துக்குள் போக வர வழி என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அதை நான் தேடவே இல்லை.

சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற என் பழைய மாணவர்கள், "டீச்சர், நம்ம வேலூர் பக்கம் அரை ஏக்கர் வாங்கிப் போடணும், எப்படிப் பார்க்கிறது?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தரகரின் காரில் போகாதீர்கள்

தரகர் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் காரில் கூட்டிப்போவார். ஜவ்வாது மலை நீலமாகத் தெரியும். தென்னை நிழலில் இளநீர் வெட்டித் தருவார்கள். அரை மணி நேரத்தில் மனசு விழுந்துவிடும். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று.

அதற்குப் பிறகு மூன்று தடவையாவது நீங்களாகப் பஸ்ஸில் போங்கள். ஒரு தடவை சந்தை நாளில் போக வேண்டும். ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. விடியும் முன்பே கூட ஆரம்பித்துவிடும், வெயில் ஏறுவதற்குள் வியாபாரம் முடிந்துவிடும். மாடு என்றால் நெடுஞ்சாலை ஓரம் பொய்கையில் செவ்வாய்க்கிழமை. நீங்கள் பார்த்த கிராமத்து ஆட்கள் நாலு பேராவது அங்கே வந்திருப்பார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். விலையைக் கேட்காதீர்கள், கேட்டால் உடனே எல்லோரும் தரகராகிவிடுவார்கள். "அந்தக் கொல்லைக்கு எந்தப் பக்கமா போவாங்க?" "அந்தக் கிணத்துல யார் யாருக்குப் பங்கு?" இந்த இரண்டும் போதும். ஒரே கேள்விக்கு மூன்று பேர் மூன்று விதமாகப் பதில் சொன்னால் அங்கே ஏதோ தகராறு இருக்கிறது.

இரண்டாம் தடவை கத்திரி வெயிலில் போங்கள். வேலூரைப் பற்றி ஊரே சொல்லும், தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று. சித்திரையில் கிணறு எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் இந்தப் பக்கம் நிலம் வாங்கவே கூடாது. பூமிக்கடியில் கெட்டிப் பாறை. பாறை வெடிப்பில்தான் தண்ணீர். பக்கத்துக் கொல்லை போர்வெல்லில் தண்ணீர் வருகிறது என்பதால் உங்கள் போர்வெல்லிலும் வரும் என்று சொல்ல முடியாது.

தண்ணீர் இருந்தாலும் ருசி பார்க்க வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை சுற்றுவட்டாரத்தில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அந்த வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்ததால் தண்ணீர் இனித்துவிடவில்லை. இரண்டு லிட்டர் பிடித்துக்கொண்டு வந்து குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பரிசோதனைக்குக் கொடுங்கள். இன்னொரு பாட்டில் தண்ணீரில் வீட்டில் துவரம் பருப்பை வேகப் போடுங்கள். உப்புத் தண்ணீரில் பருப்பு மலராது. எங்கள் அம்மா காலத்துச் சோதனை இது, இன்றைக்கும் பொய்த்ததில்லை.

மூன்றாம் தடவை ஐப்பசி கார்த்திகையில், நல்ல மழை பெய்த மறுநாள். ஏரி நிரம்பிக் கோடி போனால் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, நீங்கள் பார்த்த நிலம் அந்த வழியில் இருக்கிறதா என்று பாருங்கள். 2021 நவம்பரில் பாலாறும் கௌண்டின்ய ஆறும் கரை தொட்டு ஓடின. அதுவரை "இந்த ஆத்துல எங்கம்மா தண்ணி வரப்போவுது" என்று சொல்லிக் கரையோரம் மனை விற்றவர்கள் இருந்தார்கள். ஊர்க்காரர்களிடம் கேளுங்கள், அந்த வருடம் தண்ணீர் எதுவரை ஏறியது என்று. சுவரில் கறை இருக்கும் இடத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.

காகிதங்கள்

பட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றும் தமிழ்நாடு அரசின் இணைய சேவையில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று பதிவுத் துறையின் தளத்தில் கிடைக்கும். முப்பது வருடத்துக்குக் குறையாமல் போட்டுப் பாருங்கள். வில்லங்கம் ஒன்றுமில்லை என்று வந்ததாலேயே நிம்மதியாகிவிடக் கூடாது. பதியாத ஒப்பந்தம், பதியாமல் அடமானமாக வைத்த மூலப்பத்திரம், வாய்ப் பேச்சுப் பாகப் பிரிவினை எதுவும் அதில் வராது.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். என் பட்டாவில் 0-25.00. அதாவது 25 ஏர். ஒரு ஏருக்கு 2.471 சென்ட் வீதம் 61.78 சென்ட். எனக்கு 62 என்று சொல்லித்தான் விற்றார்கள். வித்தியாசம் ஏறக்குறைய 96 சதுர அடி, ஒரு சமையலறை அளவு. அதை விட்டுக்கொடுத்தேன். நீங்களும் விட்டுக்கொடுக்கலாம், ஆனால் தெரிந்து விட்டுக்கொடுங்கள்.

அ-பதிவேட்டில் நிலம் என்ன வகை என்று பார்ப்பது மிக முக்கியம். நஞ்சையா புஞ்சையா என்பது மட்டுமல்ல. ஏரிப் புறம்போக்கு, மாடு மேய விட்ட மேய்க்கால், கோவில் நிலம், நிலமில்லாதவர்களுக்கென்று தானமாக வந்த பூதான நிலம் எதுவும் உங்களுக்கு நிலைக்காது. பஞ்சமி நிலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1892-ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கத் தொடங்கிய நிலங்கள் அவை. வேறு சாதியார் வாங்க முடியாது. வாங்கினாலும் செல்லாது. மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது காட்டினால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். ஒரு குடும்பத்தின் கையிலிருந்த கடைசிப் பிடி மண் அது. சட்டம் தடுக்காவிட்டாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

விற்கிறவரின் அக்கா தங்கைகளையும் கேட்டு வையுங்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே கலியாணம் ஆகாத பெண்களுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு வந்துவிட்டது. 2005-ல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது. "அதுங்களுக்கு நகை போட்டுக் குடுத்தாச்சு" என்பார்கள். நகை வேறு, கையெழுத்து வேறு. ஒவ்வொருவரும் பதிவு அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போடட்டும்.

மனையாக வாங்குகிறவர்கள் நகர் ஊரமைப்பு அனுமதி எண்ணைக் கேளுங்கள். அனுமதி இல்லாத மனை என்றால் 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிந்ததா, அதன்பின் வரன்முறை செய்ததா, அதாவது அரசிடம் முறைப்படுத்தி வாங்கியதா என்று பாருங்கள். செலவு, அரசு வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்பின்படி முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும்.

வழி

இப்போது முள்ளுக்கு வருகிறேன்.

பத்திரத்தில் சக்குபந்தி என்று நான்கெல்லை எழுதியிருக்கும். "வண்டிப்பாதைக்கு வடக்கு" என்று இருந்தால், பாதைக்கு வடபுறம் உங்கள் நிலம், பாதை உங்களுக்குத் தெற்கே இருக்கிறது என்று அர்த்தம். பலர் இதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். நான்கு எல்லையில் ஒன்றாவது பொதுப்பாதையாக இருக்க வேண்டும். அந்தப் பாதை புலப்படத்தில் இருக்க வேண்டும், அ-பதிவேட்டில் புறம்போக்கு என்று இருக்க வேண்டும். கண்ணால் பார்க்கிற பாதை காகிதத்தில் இல்லையென்றால், அது யாரோ ஒருவரின் பட்டா நிலத்தில் அவருடைய நல்ல மனசால் இருக்கிற பாதை. என் நிலத்துக்கு நான்கு பக்கமும் கொல்லைதான்.

வக்கீல் ஒருவர், இருபது வருடம் தடையில்லாமல் நடந்த வழி என்றால் வழக்குப் போட்டு உரிமை கேட்கலாம் என்றார். சட்டம் அவர் பக்கம் இருக்கலாம். ஆனால் பக்கத்துக் கொல்லைக்காரரோடு கோர்ட்டில் நின்றுவிட்டு, அவர் கிணற்றடியைத் தாண்டித் தினமும் எப்படிப் போவது? வழக்குப் போடவில்லை. இரண்டு மாதம் சுற்று வழியில் வரப்பு மேல் நடந்தே போனேன். மாங்கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர்.

சித்திரையில் ஊர்த் திரௌபதி அம்மன் கோவிலில் பாரதம் வைத்தார்கள், பாரதக் கதையும் கூத்தும் நடக்கிற திருவிழா. தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று திருவிழாவுக்கு வாங்குகிற பணம், வாங்க வந்தவர்கள் என் கொட்டகையைத் தாண்டிப் போனார்கள். நானே கூப்பிட்டு, "எனக்கும் ஒரு தலைக்கட்டு எழுதுங்கப்பா" என்றேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்க வேலூர் ஆச்சேம்மா" என்றான் ஒரு பையன். கூட வந்த மூத்தவர் ஒருவர், "நெலம் இங்கதானடா கீது, எழுது" என்றார். நோட்டில் என் பெயர் ஏறியது.

அர்ச்சுனன் தபசு அன்று ராத்திரி பாய் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். நடுச்சாமம் தாண்டி, தபசு மரத்தில் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டிருந்தார். கீழே பெண்கள் மடியேந்தி நின்றார்கள். மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் விழுந்தன. முள் போட்ட பெரியவரின் வீட்டம்மா என் பாயில் வந்து உட்கார்ந்து, தன் மடியில் விழுந்த ஒரு பழத்தை என் கையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "வழிக்காக இல்லம்மா அவரு முள்ளு போட்டது. அந்தக் கொல்லைய அவரு வாங்கணும்னு இருந்தாரு. ஒரு வார்த்த கேக்காம பங்காளி வெளிய வித்துட்டான்."

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் நான்கெல்லைக்காரர் வீட்டு வாசலுக்கும் போய், "இந்தக் கொல்லைய நான் வாங்கலாம்னு இருக்கேன், உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று கேளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். பங்காளிக்கு வாங்க ஆசை இருந்தால் அங்கே தெரிந்துவிடும். கிணற்றில் பங்கு, தண்ணீர் முறை, மோட்டார் கரண்ட் யார் பெயரில், எல்லைக்கல்லை யாராவது நகர்த்தினார்களா, எல்லாமே தெரிந்துவிடும். தரகர் தடுப்பார். போக வேண்டாம் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் அந்த நிலத்தையே விட்டுவிடுங்கள்.

நான் அடுத்த வாரம் வெற்றிலைப் பாக்கோடு பெரியவர் வீட்டுக்குப் போனேன். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள். 12 அடி அகலம், 180 அடி நீளம், அவருடைய வடக்கு ஓரமாக எனக்குக் கிரயம் கொடுத்தார். 2,160 சதுர அடி, ஐந்து சென்டுக்கு 18 சதுர அடி குறைவு. "அஞ்சு சென்ட் காசு குடுங்க, போதும்" என்றார். கொடுத்தேன். அவர் மாட்டு வண்டியும் அதே வழியில் போகலாம் என்று பத்திரத்திலேயே எழுதிக் கொடுத்தேன். நில அளவையர் வந்து கல் நட்டு உட்பிரிவு செய்தார். பட்டா மாறுதல் தாலுகா அலுவலகத்தில் இழுத்துக்கொண்டே போனதால் ஜமாபந்தியில் மனு கொடுத்து வாங்கினேன். தாலுகாவில் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கிற ஜமாபந்தி வருடா வருடம் மே, ஜூன் வாக்கில் நடக்கும். முடங்கிக் கிடக்கிற மனுக்களுக்கு நல்ல இடம்.

வாங்கிய பிறகு

விருந்தாளிகள் வந்தால் பார்க்க இடமா இல்லை? விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோவில், அமிர்தி காடு, மலை மேல் காவலூர் வானாய்வகம். ராத்திரி இவ்வளவு இருட்டாக இருப்பதால்தான் காவலூரைத் தேர்ந்தெடுத்தார்கள். மலையடிவாரத்தில் நிலம் வாங்குகிறவர்களுக்கு அந்த இருட்டும் சேர்ந்து கிடைக்கிறது, டார்ச் இல்லாமல் கால் வைக்காதீர்கள். இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பத்து நாற்று கேட்டு வாங்கி நடுங்கள், எண்ணெய்க் குழம்புக்கு அதற்கு ஈடே இல்லை.

கிராம சபை வருடத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த ஊரில் வாக்கு இல்லாவிட்டாலும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். ஏரி மதகு, தெருவிளக்கு, பாதை எல்லாம் அங்கேதான் பேசுவார்கள்.

பத்திரம் எழுதும்போது எழுத்தரிடம் இந்த வரியைக் கொடுங்கள்: "மேற்படி நிலத்துக்கு ஆள், மாடு, வண்டி, டிராக்டர் போக வர, இன்ன சர்வே எண்ணில், இன்ன திசையில், இத்தனை அடி அகலமுள்ள வழிநடைப் பாத்தியமும் சேர்த்து." இன்ன என்று இருக்கும் இடத்தில் எண்ணும் திசையும் அளவும் விழுந்திருக்க வேண்டும். வழி அடுத்தவர் நிலத்தில் போகிறது என்றால் அந்த நிலத்துக்காரரும் அதே பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தட்டச்சு ஆனதும், கையெழுத்துக்கு முன், எழுத்தரை அந்த வரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.