வேட்டை, மீன்பிடி விடுதிக்கு முதன்முறையாகச் செல்வோருக்கு

வேட்டை, மீன்பிடி விடுதி ஒன்றுக்கு முதன்முறையாகப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் அறை வாடகையைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது சட்டத்தை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டமும், கென்யாவில் 1977-இல் வந்த தடையும் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லாமல் செய்துவிட்டன. வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளிலும் உரிமம், பருவம், ஒருவர் எடுத்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கை ஆகியவை இடத்துக்கு இடம் மாறும். மீன்பிடிப்புக்கும் இதே நிலைதான். உரிமத்தை விடுதியே பெற்றுத் தருமா, நீங்கள் வாங்கி வர வேண்டுமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

அடுத்து, முன்பணம் கட்டுவதற்கு முன் விடுதியோடு பேசுங்கள். படகு, வழிகாட்டி, தூண்டில் சாமான்கள் ஆகியவை கட்டணத்தில் அடங்குமா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், மழை வெள்ளத்தால் பயணம் நின்றுபோனால் பணம் திரும்புமா என்று கேளுங்கள். இதுவரை தூண்டிலைத் தொட்டதே இல்லை என்றால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதைத் தெரிந்துகொண்ட வழிகாட்டிதான் உங்களை ஆழமில்லாத, ஓட்டம் குறைந்த துறைக்கு அழைத்துச் செல்வார்.

மூன்றாவது படி, வீட்டிலிருந்தே பழகுவது. தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டுச் சிறிய ஈயக் குண்டு ஒன்றைத் தூண்டில் நரம்பில் கட்டி, திறந்தவெளியில் தினமும் கால் மணி நேரம் வீசிப் பழகினால், பத்து நாளில் கை வசப்பட்டுவிடும். வேட்டைக்குப் போகிறவர்கள் பயிற்சிக் களத்தில் சுட்டுப் பழகாமல் போகவே கூடாது. குறி தவறிக் காயத்தோடு தப்பும் விலங்கு நாள்கணக்கில் துன்பப்படும். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருதுவது, சுட விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதிருப்பது, குறி உறுதியாகும் வரை விசையில் விரலை வைக்காதிருப்பது, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது ஆகிய நான்கும் பழக்கமாகவே ஆகிவிட வேண்டும். எந்த வகைத் தோட்டாவுக்கு அனுமதி என்பதையும் கேளுங்கள். நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுகளை அமெரிக்கா 1991-லேயே நாடு முழுவதும் தடைசெய்துவிட்டது, ஏனென்றால் சேற்றில் கிடக்கும் ஈயத்தை விழுங்கும் பறவைகள் நஞ்சேறிச் சாகின்றன.

சாமான்களில் இரண்டை மட்டும் வலியுறுத்துகிறேன். ஒன்று, ஏற்கெனவே அணிந்து பழகிய காலணி. மற்றொன்று, நீர்ப்பரப்பின் பளபளப்பை வெட்டும் போலரைஸ்டு கண்ணாடி. அது நீருக்குள் நிற்கும் மீனைக் காட்டுவதோடு, பறந்து வரும் முள்ளிலிருந்து கண்ணையும் காக்கும்.

இனி தண்ணீரில் செய்ய வேண்டியது. பிடித்த மீனைத் திரும்ப விடுவதாக இருந்தால், முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு கூர்முனையைக் குறடால் முன்கூட்டியே நசுக்கிவிடுங்கள். முள் வாயைக் கிழிக்காமல் கழன்று வரும். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதன் உடல்மேல் உள்ள வழவழப்புப் படலமே நோய்த்தொற்றிலிருந்து அதைக் காக்கிறது, உலர்ந்த கை பட்டால் அது உரிந்துவிடும். செவுளுக்குள் விரலை விடாதீர்கள். படம் எடுக்க வேண்டுமானால் கருவி தயாரான பிறகு சில நொடிகள் மட்டும் நீருக்கு மேலே தூக்குங்கள். பிறகு ஒரு கையை வயிற்றுக்கு அடியிலும் மறு கையை வால் தண்டிலும் வைத்து, தலை நீரோட்டத்தை எதிர்நோக்கும்படி மெதுவாகப் பிடித்திருங்கள். செவுள் திறந்து மூடுவது சீராகி, அது தானே வாலை உதைத்து நழுவும் வரை அவசரப்பட வேண்டாம். ட்ரவுட் போன்ற குளிர்நீர் மீன்களானால், நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டும் பகலில் தூண்டிலை மடக்கி வைத்துவிடுவதே நல்லது. வெப்பம் ஏற ஏற நீரில் ஆக்சிஜன் குறைவதால், களைத்த மீன் விட்ட பின்னும் பிழைக்காமல் போகலாம்.

புறப்படும் நாளில் காலணி, வலை ஆகியவற்றில் ஒட்டிய சேற்றையும் பாசியையும் அங்கேயே கழுவி, முழுவதும் உலரவிட்டு எடுத்து வாருங்கள். ஓர் ஆற்றின் பாசி இன்னோர் ஆற்றுக்கு இப்படித்தான் பரவுகிறது. ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஃபெல்ட் (அழுத்திய இழைத் துணி) அடிப்பாகக் காலணிகளை நியூசிலாந்து 2008-இல் தடைசெய்தது இதனால்தான். கட்டணக் கணக்கை முடிக்கும்போது, வழிகாட்டிக்கு உரிய அன்பளிப்பை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.